ஆல்பிரட் துரை வசித்த வீடு

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற ரோட்டில், கடைகள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் பெத்தானியா பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. தனக்கு வரலாறு இல்லை என்பது எழுபத்துநாலு வயதுவரை அந்தச் சபைக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. ஜனங்கள் வந்தார்கள், பாடினார்கள், காணிக்கை போட்டார்கள், வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டார்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. வேறு ஊர்ச் சபை ஒன்று தன் நூற்றாண்டு மலரைக் கெட்டி அட்டை போட்டு முந்நூறு பக்கத்தில் அச்சடித்து, மரியாதைக்கு ஒரு பிரதியை இங்கேயும் அனுப்பிவைத்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

அந்த மலரை, சபைக் காரியங்களைக் கவனிக்கும் தலைமை டீக்கன் மொக்கச்சாமி தானியேல் தன் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படித்தார். அதில் ஒரு கப்பல் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் இருந்தார். அவர் குதிரையில் வந்தார், காலராவில் மனைவியைப் பறிகொடுத்தார், கண்ணீரோடு அஸ்திவாரக் கல் நாட்டினார். மொக்கச்சாமிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் ஞாயிறு. காணிக்கைப் பை சுற்றி வந்ததும் எழுந்து நின்றார்.

"அன்பான சபையாரே, நம்மகிட்ட ஃபேன் இருக்கு, மைக்செட் இருக்கு, ஞானஸ்நானத் தொட்டிக்கு டைல்ஸ் போட்டாச்சு. ஆனா வரலாறு இல்ல. வெளிய தல காட்ட முடியல. எழுவத்தஞ்சாவது வருச விழாவுக்குள்ள எப்பாடு பட்டாவது ஒரு வரலாறு உண்டாக்கணும். ஒருமனப்படுறவங்க கை தூக்குங்க."

எல்லோரும் தூக்கினார்கள். பாப்டிஸ்ட் சபையில் பிஷப் கிடையாது. மேலேயிருந்து உத்தரவு போட ஆள் இல்லை. பாஸ்டரை வைப்பதும் அனுப்புவதும், சுவருக்கு என்ன வர்ணம் என்பதும், விழா விருந்துக்குக் கோழியா ஆடா என்பதும் கை தூக்கித்தான் முடிவாகும். தூக்கிப் பழகிய கைகள். என்ன கேட்டார்கள் என்பது காதில் விழுவதற்குள் பாதிக் கைகள் மேலே போயிருக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் முந்தித் தூக்கியவள் கடைசி பெஞ்சில் இருந்த பொற்கொடி.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபைக்கு வரலாறு எழுதினால் அவள் அப்பாவைத்தானே முதலில் எழுதவேண்டும்? அப்பா சுருளி, இளவட்டமாக மலைமேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தபோது கூட்டாளி ஒருவர் வேதம் சொல்லக் கேட்டவர். மார்கழிக் குளிரில் குரங்கணி ஓடையில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். எழுந்ததும், தன் பங்காக வந்த பதினெட்டு சென்ட் இடத்தை அதிலிருந்த மாட்டுக் கொட்டகையோடு சேர்த்து, ஜெபம் பண்ண இடமில்லாமல் நின்ற பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார். "முன்னால நீங்க கும்பிடுங்க. பின்னால நானும் எம்பிள்ளைகளும் இருந்துக்கிறோம்" என்றார். பன்னிரண்டு பேரும் கை தூக்கினார்கள். பத்திரம், சாட்சி எல்லாம் அந்தக் கைகள்தான்.

கொட்டகை நின்ற இடத்தில் இப்போது கோயில். பின்னால் ஒரு அறையும் அடுப்படியுமாக ஓட்டு வீடு. பொற்கொடி அங்கேதான் பிறந்தாள். ஐம்பத்தாறு வயதில் புருஷன் உக்கிரபாண்டியோடு அங்கேயேதான் இருக்கிறாள். கோயிலைக் கூட்டுவது, மணி அடிப்பது, ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. மற்ற நாட்களில் மொக்கச்சாமியின் கடையில் ஏலக்காய் பொறுக்குவாள். ஆறு நாள் முதலாளி, ஏழாம் நாள் டீக்கன் என்று வாரம் முழுக்க அவளுக்கு ஒரே முகம்தான்.

வரலாற்றுக் குழுவில் ஒன்பது பேர். மொக்கச்சாமி கடையை விட்டு நகர முடியாது என்பதால் கூட்டமும் கடையிலேயே நடந்தது. மேலே மேசையைச் சுற்றிக் குழு. கீழே தரையில் காய் பொறுக்கும் பெண்கள். எழுதும் வேலை செயலாளர் சிவக்குமாருக்கு. முப்பத்திரண்டு வருடம் பத்திரங்களுக்கு நடுவே குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். தாளில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது அவருடைய விசுவாசப் பிரமாணம்.

முதல் கூட்டத்திலேயே சண்டை. புரவலர்களில் யார் பெரியவர்? ஃபேன் கொடுத்தவர், தன் ஃபேன் சுற்றி உழைக்கிறது, பெஞ்சு சும்மாதானே நிற்கிறது என்றார். பெஞ்சு கொடுத்தவர், கரண்ட் போனால் உன் ஃபேன் என்ன செய்யும் என்று கேட்டார். மொக்கச்சாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு கீழே பார்த்து, "ஆத்தா பொற்கொடி, அந்தச் சல்லடைகளக் கொண்டா" என்றார்.

ஏலக்காயை அளவு பார்ப்பது அந்தச் சல்லடைகளில்தான். எட்டு மில்லிமீட்டர் ஓட்டையில் விழாமல் மேலே நின்றால் முதல் தரம். அதில் விழுந்து ஏழில் நின்றால் இரண்டாம் தரம். இப்படியே கீழே கீழே. மொக்கச்சாமி மூன்று சல்லடைகளையும் மேசைமேல் அடுக்கினார்.

"நம்ம ஊருக்குக் கடவுள் குடுத்த நியாயம் இதுதான். எட்டு எம்.எம். புரவலருக்கு முழுப்பக்கம், கலர் போட்டோ. ஏழுக்கு அரைப்பக்கம். ஆறுக்கு நாலு வரி. அதுக்கும் கீழ விழுந்தா கடைசிப் பக்கத்துல பேரு மட்டும்."

இப்படியொரு நீதி தங்களுக்கு முன்பே தோன்றவில்லையே என்று குழு வெட்கப்பட்டது. தொட்டிக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்த மொக்கச்சாமியை எட்டில் வைத்தார்கள். "என்னைய எட்டுல போட வேணாம்னுதான் சொல்றேன். ஆனா ஒம்பது இல்லையே, என்ன செய்ய?" என்று அவர் தாழ்மையோடு ஒப்புக்கொண்டார்.

பொற்கொடி கையிலிருந்த காயைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். "மொதலாளி, எங்கப்பா எடம் குடுத்தாரே. அவரு எத்தன எம்.எம்.?"

சிவக்குமார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ரசீது இருக்கா?"

"அப்பல்லாம் ரசீது புக்கு ஏது சார்?"

"அதத்தான் சொல்றேன். ஃபேனுக்கு ரசீது இருக்கு, பெஞ்சுக்கு இருக்கு. எடத்துக்கு இல்ல. ரசீது இல்லாத புரவலர எந்தச் சல்லடையில போடச் சொல்ற?"

"எடம் இருக்கே சார். அதுமேலதான கோயிலு நிக்கிது."

"எடம் இருக்கு. குடுத்ததுக்குத்தான் ஆதாரம் இல்ல."

பாஸ்டர் வினோத்குமார் இரக்கப்பட்டு நடுவில் வந்தார். "கவலைப்படாதீங்க சிஸ்டர். உங்க அப்பா பெயர் பரலோகப் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். இங்கதான் பக்கம் கம்மி."

அடுத்த கூட்டத்தில் அதைவிடப் பெரிய குறை தெரியவந்தது. புரவலர்களைச் சலித்து முடித்தாயிற்று. வரலாற்றுக்குத் தொடக்கம்தான் இல்லை. "மாட்டுக் கொட்டகையில பன்னெண்டு பேரு கூடுனாகன்னு ஆரம்பிச்சா எவன் மதிப்பான்?" என்றார் மொக்கச்சாமி. மாட்டுக் கொட்டகையில் தொடங்கிய இன்னொரு வரலாறும் உண்டு, அதற்காகத்தான் வருடா வருடம் டிசம்பரில் கேக் வெட்டுகிறோம் என்பது மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"ஒரு கப்பல் வேணும் சிவக்குமாரு."

"கடலு ரொம்பத் தூரம் ஐயா."

கடைசியில், வீட்டில் பழைய போட்டோ இருக்கிறவர்கள் கொண்டுவர வேண்டும் என்று கோயிலில் அறிவித்தார்கள். ரசீதுக்குப் பதிலாகப் போட்டோவாவது ஆதாரமாகட்டும் என்று பொற்கொடி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொண்டுபோனாள். கறுப்பு வெள்ளைப் படம். ஓலைக் கொட்டகை. அதன் முன்னால் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு இடப்பக்கம் மூடி திறந்த ஜீப்பு. வலப்பக்கம் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இளவட்டச் சுருளி.

"இதுதான் எங்கப்பா. இது நம்ம கொட்டக" என்று விரல் வைத்துக் காட்டினாள். குழுவில் ஒருவர் பார்வைகூட அவள் விரலோடு போகவில்லை. ஒன்பது பேரும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா," மொக்கச்சாமிக்குக் குரல் நடுங்கியது, "இந்தத் துரை யாரு?"

"பேரு தெரியலைங்க மொதலாளி. எஸ்டேட்டுக்குப் போற வழியில ஜீப்பு அச்சு ஒடிஞ்சுபோச்சாம். மூணு நாளு நம்ம கொட்டகையிலதான் கெடந்தாராம். எங்கப்பாதான் கஞ்சி ஊத்துனாராம். ஊரு போய்ச் சேந்து தபால்ல இத அனுப்பிவிட்டாரு."

"மூணு நாளும் என்ன செஞ்சாராம்?"

"என்னத்தச் செய்வாரு? வண்டிக்கடியில மல்லாக்கப் படுத்தே கெடந்தாராம். நடுநடுவுல பல்லக் கடிச்சுக்கிட்டு, 'காட், காட்'னு கத்துவாராம்."

சிவக்குமார் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "மூன்று நாள் இரவு பகலாக மல்லாந்து படுத்து, உன்னதத்தை நோக்கித் தேவனைக் கூப்பிட்டுக் கதறினார்." இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று குழு ஏகமனதாகச் சொன்னது.

பெயர் இல்லாததுதான் இடித்தது. அதற்குத்தான் பாப்டிஸ்ட் முறை இருக்கிறதே, ஓட்டு வைத்தார்கள். ஜான் என்று ஒருவர் சொன்னார். சபையில் ஏற்கெனவே ஏழு ஜான்கள் இருப்பதால் தள்ளுபடியானது. ஆல்பிரட் ஐந்து ஓட்டு, எட்வின் நாலு. தோற்ற நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால், சமாதானத்தை உத்தேசித்து இரண்டையும் சேர்த்தார்கள். சபையை நிறுவிய கனம் ஆல்பிரட் எட்வின் துரை இப்படியாகப் போடி ஏலக்காய்க் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நாற்பது வயது ஆளாகவே பிறந்தார்.

பிறந்தவர் சும்மா இருக்கவில்லை. ஆடி மாதக் கூட்டத்தில் வெறுங்காலோடு மலையேறிச் சுவிசேஷம் சொன்னார். வெறுங்காலோடு நடந்தவருக்கு ஜீப்பு எதற்கு என்று கேள்வி வந்ததால், போட்டோவில் அது இருந்த பக்கத்தை வெட்டிவிட்டார்கள். ஆவணியில் தேவாரம் ஊர்ப் பக்கம் தோட்டத்துக்குள் இறங்கிய யானைக் கூட்டத்தை ஒரு சங்கீதம் வாசித்துத் திருப்பியனுப்பினார். எந்தச் சங்கீதம் என்பதில் மட்டும் இரண்டு கூட்டம் போனது. புரட்டாசியில் மனைவியைக் காலராவில் பறிகொடுத்தார். துரைக்குக் கல்யாணம் ஆகியிருந்த விஷயமே அன்றைக்குத்தான் குழுவுக்குத் தெரிந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வந்தது. மத்தியானச் சோற்று நேரத்தில் பொற்கொடி அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் பக்கத்திலேயே அவள் வீட்டுப் படம். கீழே, "கனம் ஆல்பிரட் எட்வின் துரையும் அவருடைய வேலையாளும்."

"சார், எங்கப்பா யாருகிட்டயும் வேலையாளா இருந்ததில்லைங்களே. அவருதான துரைக்குக் கஞ்சி ஊத்துனாரு."

"கஞ்சி ஊத்துறவுக யாரு? வேலையாளுதான்" என்றார் சிவக்குமார். "நான் ஒண்ணும் சொந்தமா எழுதல. நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன்."

"எடத்தயும் துரை வெலைக்கு வாங்குனதாப் போட்டிருக்கே?"

"பாரு ஆத்தா. எடம் சபை பேருல இருக்கு. உங்கப்பா குடுத்ததுக்கு ஆதாரம் இல்ல. அப்ப மிச்சம் யாரு? துரைதான். கழிச்சுப் பாத்தாத் தெரியப்போகுது."

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். கோயிலின் பின்புறமுள்ள ஓட்டு வீட்டில் துரை பதினோரு ஆண்டுகள் எளிமையாக வாழ்ந்தார் என்று இருந்தது. தாம் ஊர் திரும்பியபோது, வேலையாள் சுருளிமீது மனமிரங்கி அந்த வீட்டில் தங்கிக்கொள்ள அனுமதித்தார் என்றும் இருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு அறிவிப்பு: துரை வசித்த வீடு நினைவு இல்லமாக்கப்படும். விழா நாளில் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பிலிருந்து டெல்லிப் பெரிய ஐயா வந்து திறந்துவைப்பார்.

பொற்கொடி பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மொக்கச்சாமியிடம் போய் நின்றாள்.

"அப்ப நாங்க எங்கிட்டுப் போறது மொதலாளி?"

"அதத்தான் நானும் ஜெபத்துல வச்சிருக்கேன்" என்றார் மொக்கச்சாமி. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "ஆனா ஒண்ணு ஆத்தா. வரலாறு ஏறுன வீட்ல மனுசரு குடியிருக்க முடியாது. நாளைக்கு நானே வாடகைக்குக் கேட்டாலும் குடுக்க மாட்டாக. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சாயங்காலம் உக்கிரபாண்டி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்டேட்டுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டி அது. அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"போட்டோவ எவடி குடுக்கச் சொன்னது?"

"அப்பா பேரு வரட்டுமேன்னு குடுத்தேன்."

"அச்சு ஒடிஞ்சு மூணு நாளு மல்லாக்கக் கெடந்தவன் துரையாம்ல! நானெல்லாம் மாசம் நாலு தடவ கெடக்குறேன், எனக்கு எங்கடி நினைவு இல்லம்?" என்றவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "இரு, போயி நாலு வார்த்த கேட்டுட்டு வர்றேன்."

"நீ கேட்டா செல்லாது. முங்காதவன்னுருவாக."

அது உண்மை. தண்ணீரில் முங்கினால் தனக்குச் சளி பிடிக்கும் என்று முப்பது வருடமாக ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டவன் அவன். முங்காதவனுக்குச் சபையில் வாயும் இல்லை, கையும் இல்லை.

"சரி, நாளைக்கே முங்குறேன்."

"ஆறு மாசம் வகுப்பு இருக்கு. பெறகு ஒன்னையச் சேக்கலாமான்னு கை தூக்கணும்."

வரலாற்றுக்குச் சபையார் ஒப்புதல் கொடுக்கும் பொதுக்குழுவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. உக்கிரபாண்டி ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த மூன்று வாரமும் பொற்கொடி தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். கூடக் காய் பொறுக்கும் கருப்பம்மாளும் சபைக்காரிதான். "ஒங்கப்பா எடம்னு எங்கம்மாகூடச் சொல்லும்" என்றாள். "அதக் கோயில்ல எந்திரிச்சுச் சொல்லேன்" என்றதற்கு, "மொதலாளி எதுக்க எப்படிப் பேச? பெரியவுக யோசிக்காமயா செய்வாக" என்று முறத்தைப் பார்த்துக்கொண்டாள். பொற்கொடிக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. தானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது.

பொதுக்குழு அன்று மொக்கச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் பேசினார்.

"சிலபேரு கேக்குறாக, இந்தத் துரை நெசமாவே இருந்தாரான்னு. நான் கேக்குறேன், இல்லாமயா டெல்லியில இருந்து நமக்கு லெட்டரு வருது? எழுவத்துநாலு வருசத்துல ஒரு லெட்டரு வந்ததுண்டா? துரை வந்து நாலே மாசம். மூணு லெட்டரு! நெசமா இருந்தவுக யாராலயாவது இது முடிஞ்சுதா? வேணும்னு கேட்டா ஆண்டவர் குடுக்குறாரு. நாம ஒரு துரையக் கேட்டோம், குடுத்தாரு. அவரக் கேள்வி கேக்குறது ஆண்டவரக் கேள்வி கேக்குறது மாதிரி."

எல்லோரும் ஆமென் என்றார்கள். பொற்கொடி எழுந்தாள். "எங்கப்பா..." என்று தொடங்கினாள்.

சிவக்குமார் சபைச் சட்டப் புத்தகத்தை விரித்தார். "ஆட்சேபண இருந்தா ஏழு நாளைக்கு முன்னாடி எழுத்துல குடுக்கணும். பதினொண்ணாவது விதி. இப்பப் பேச முடியாது. அதுக்காக வருத்தப்படாத ஆத்தா, எதுத்து ஓட்டுப் போட ஒனக்குப் பூரண உரிம இருக்கு. கை தூக்காம இருந்தாப் போதும்."

அது அவளுக்குப் புரிந்தது. உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் எல்லாவற்றுக்கும் தூக்கிய கை. இன்றைக்கு ஒருநாள் தூக்காமல் இருந்தால் அப்பாவுக்குச் செய்த கடமையாக இருக்கும் என்று நினைத்தாள். நூற்று இருபத்துமூன்று பேரில் ஒரு கை குறைந்தால் வீடு தப்பாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கை குறைந்தது என்று எங்கேயாவது எழுதியிருக்குமே.

பாஸ்டர் வினோத்குமார் மைக்கைப் பிடித்தார். "ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் ஆண்டவரைத் துதிப்போம். கண்களை மூடுங்க. பாரத்தை எல்லாம் அவரிடம் இறக்கி வையுங்க. இரண்டு கைகளையும் உயர்த்திக் கேளுங்க!"

பொற்கொடிக்கு இறக்கி வைக்கப் பாரம் இருந்தது. கண்ணை மூடினாள். "ஆண்டவரே, வீட்டக் காப்பாத்திக் குடும். எங்கப்பா பேரக் காப்பாத்திக் குடும்" என்று சொல்லும்போதே கண்ணீர் கொட்டி, கைகள் இரண்டும் தாமாக உயர்ந்துவிட்டன. கோயில் முழுக்க அழுகையும் துதியுமாக இருந்தது. ஒரே ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆமென்" என்று பாஸ்டர் முடித்ததும் சிவக்குமார் எழுந்து வாசித்தார். "ஆதரவு இருநூத்தி நாப்பத்தாறு. எதிர்ப்பு இல்ல. வரலாறு நிறைவேறுச்சு."

நூற்று இருபத்துமூன்று பேர் சபையில் இருநூற்று நாற்பத்தாறு எப்படி என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "ஆளுக்கு ரெண்டு கை தூக்குனீங்கள்ல. சபை இரட்டிப்பான மனசோட ஏத்துக்கிருச்சுன்னு அர்த்தம்" என்றார் சிவக்குமார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

பொற்கொடி வாசலில் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஓட்டுப் போடல பாஸ்டரய்யா, ஜெபம்ல பண்ணேன்."

"அதனால்தான் சிஸ்டர் அந்த ஓட்டுக்கு இவ்வளவு மதிப்பு" என்று பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

ஒரு வாரத்தில் காலி செய்தார்கள். சிலமலையில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. உக்கிரபாண்டி ஜீப்பில் ஒரே நடையில் சாமான் போய்விட்டது. ஏனென்றால் துரை தம்முடையது என்று எதையும் விட்டுப் போகவில்லை. வெறும் வீட்டைக் காட்ட முடியுமா? கயிற்றுக் கட்டிலைக் குழு நிறுத்திக்கொண்டு, துரை படுத்த கட்டில் என்று அட்டை தொங்கவிட்டது. அம்மிக்கு, காலராவில் இறந்த துரையம்மா அரைத்தது என்று அட்டை. அடுப்படியில் இருந்த சாணைக்கல் துரைக்கு எதற்கு என்று யாருக்கும் பிடிபடாததால், துரை முழங்கால் போட்டு ஜெபித்த கல் என்று போட்டார்கள். "வீடு போனாலும் ஊழியம் போகாது சிஸ்டர்" என்று பாஸ்டர் தைரியம் சொன்னபடி, பொற்கொடி தினமும் காலையில் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து அந்தக் கட்டிலையும் கல்லையும் தூசி தட்டினாள்.

விழா நாள் வந்தது. மேளம் வைத்துப் பெரிய ஐயாவை அழைத்து வந்தார்கள். டெல்லிக்காரர், எழுபது வயதிருக்கும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வேதாகமக் கல்லூரியில் கற்ற இங்கிலீஷை எட்டு வருடமாகப் போடியில் பேச ஆள் கிடைக்காமல் தவித்திருந்த பாஸ்டர், ஒரு நிமிடமும் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. பெரிய ஐயா ரிப்பன் வெட்டி உள்ளே வந்து, ஒவ்வொரு அட்டையின் முன்னாலும் தலை குனிந்து நின்றார். பிறகு பாஸ்டரிடம் ஏதோ கேட்டார்.

"துரையோட காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்கிறார்" என்றார் பாஸ்டர். சிவக்குமார் சுற்றிப் பார்த்துவிட்டு, விளக்குமாறோடு வாசலில் நின்ற பொற்கொடியைக் காட்டினார். "வேலையாளு மக இருக்கா. வா ஆத்தா, வெரசா வா."

பெரிய ஐயாவின் முகம் நல்ல முகமாக இருந்தது. அவர் பொற்கொடியைத் துரை கட்டிலிலேயே உட்காரச் சொன்னார். மொக்கச்சாமியைவிட இவர் பெரியவர், இவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மாறும் என்று அவளுக்குப் பட்டது. இப்போது விட்டால் இனி எப்போது? விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"ஐயா, இது எங்கப்பா சுருளி வீடு. எடமும் அவரு குடுத்ததுதான். அவருக்கு ஒரே வேட்டி. அது தொவச்சுக் காயிற வரைக்கும் துண்டோட நிப்பாரு. அப்படிப்பட்டவருதான் பதினெட்டு சென்டயும் குடுத்தாரு."

பாஸ்டர் இங்கிலீஷில் சொன்னார். பெரிய ஐயாவின் கண் கலங்கியது. பொற்கொடிக்குத் தெம்பு வந்தது.

"மழைக்குக் கொட்டக ஒழுகும். ஜெபத்துக்கு வந்தவுகள ஒழுகாத பக்கமா உக்கார வச்சுட்டு, எங்கப்பா மாட்டோட மாடா நனைஞ்சுக்கிட்டு நிப்பாரு. ராகம் வராது. ஆனா அவரு சத்தந்தான் ஊருக்கே கேக்கும்."

பாஸ்டர் சொன்னார். பெரிய ஐயா கைக்குட்டையை எடுத்தார். வாசலில் நின்றவர்கள்கூட அழுதார்கள்.

"சாகப்போற நேரத்துல எல்லாரும் சுத்தி நிக்கிறோம். அவரு என்னையப் பாத்து, 'பொற்கொடி, கோயிலக் கூட்டிட்டியா'ன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான். வேற ஒண்ணுஞ் சொல்லல."

பாஸ்டர் இதற்கு நீளமாகச் சொன்னார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நடுவில் ஒரு வார்த்தை அவளுக்குப் புரிந்தது. ஆல்பிரட். கொஞ்சம் தள்ளி மறுபடியும் ஆல்பிரட். சுருளி என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

"பாஸ்டரய்யா, எங்கப்பான்னு சொல்லுங்க."

"அப்பான்னுதான் சிஸ்டர் சொல்றேன். நம்ம எல்லாருக்கும் அவர்தானே அப்பா."

பெரிய ஐயா எழுந்து வந்து பொற்கொடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் என்னவோ சொன்னார். "இப்படிப்பட்ட துரைக்கு ஊழியம் செய்ய உங்க அப்பா கொடுத்துவைத்தவர் என்கிறார்" என்றார் பாஸ்டர். அவருக்குப் பின்னால் சிவக்குமார், ஒரே வேட்டி, ஒழுகாத பக்கம், கடைசி வார்த்தை என்று இரண்டாம் பதிப்புக்காகக் குறித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சொல்லுங்க சிஸ்டர், ரொம்ப நல்லா வருது."

பொற்கொடிக்குச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. அப்பாவைப் பற்றி அவளுக்கு மட்டுமே தெரிந்தவை. அதையும் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பாஸ்டர் பத்து நிமிடம் மொழிபெயர்த்தார்.